தூர்ந்த அகழியும் வானத்துச் சாட்சியும்

தெற்கு இங்கிலாந்தில், ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஒரு வயலில் வட்டமான மண்மேடு ஒன்று இருந்தது. உழவில் கரைந்து தாழ்ந்துபோன அதைப் பெரியதொரு புதைமேடு என்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். 1925 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி கில்பர்ட் இன்சால் அதன்மேல் பறந்தபோது வட்டத்தின் நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரிவதைக் கவனித்தார். அடுத்த கோடையில், வயலில் கோதுமை ஓங்கி நின்ற சமயத்தில், அதே இடத்தை மறுபடியும் படமெடுத்தார். இம்முறை கரும்புள்ளிகள் வளையத்துக்குள் வளையமாக வரிசைகட்டி நின்றன. மாட் கன்னிங்டனும் அவர் கணவர் பெஞ்சமினும் 1926 முதல் 1929 வரை அங்கே அகழ்ந்தனர். புள்ளி ஒவ்வொன்றும் மரத்தூண் நட்ட குழி என்பதும், குழிகள் ஆறு நீள்வட்ட வரிசைகளில் அமைந்தவை என்பதும் தெளிவாயின. இன்று உட்ஹெஞ்ச் என்று உலகம் அறிந்த இடம் இதுதான். இந்தக் கண்டுபிடிப்பை விமானத்தின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். படம் சொன்னது, ‘இங்கே கரும்புள்ளிகள் வட்டமாக இருக்கின்றன’ என்பதை மட்டுமே. அவை தூண்குழிகள் என்றும், புதிய கற்காலத்தவை என்றும், புதைமேட்டோடு தொடர்பில்லாதவை என்றும் சொன்னது மண்வெட்டி. வான்வழி ஆய்வு தொல்லியலுக்குத் தருவது சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கேள்வி. அதைப் பதிலாக எடுத்துக்கொண்ட இடங்களிலெல்லாம் ஆய்வு தடம் புரண்டிருக்கிறது. கேள்வியாக எடுத்துக்கொண்ட இடங்களில் ஐரோப்பாவின் தொல்பழங்கால வரைபடமே மாறியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, வானிலிருந்து உண்மையில் எது கண்ணுக்குத் தெரிகிறது என்று முதலில் கேட்க வேண்டும். உழவு படாத மேய்ச்சல் நிலங்களில் பழைய மண்கரை இன்னும் மிஞ்சியிருக்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத கரையும் குளிர்காலச் சாய்வெயிலில் நீண்ட நிழல் வீழ்த்தும். தரையில் நடப்பவர் உணராத மேடுபள்ளம் மேலிருந்து பார்ப்பவருக்குக் கோடாகத் தெரியும். ஆனால் விளைநிலங்களில் மேடு என்று எதுவும் பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. அங்கே நாம் பார்ப்பது பயிரைத்தான். சுண்ணப்பாறையில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆள் ஆழத்துக்கு வெட்டிய அகழி, கரை சரிந்தும் மக்கு சேர்ந்தும் மெல்லமெல்லத் தூர்ந்துவிடுகிறது. மேலே ஏர் ஓடி நிலம் ஒரே மட்டமாகிறது. ஆனாலும் அகழி ஓடிய கோட்டில் மட்டும் அடிமண் ஆழமாகவும் ஈரம் காப்பதாகவும் இருக்கிறது. மழை பொய்த்து மேல்மண் காய்ந்த வாரத்தில், பாறைமேல் நிற்கும் பார்லி வெளிறி முற்றத் தொடங்கும். தூர்ந்த அகழியின்மேல் நிற்பதோ கீழேயுள்ள ஈரத்தை வேரால் எட்டிப் பிடித்து, சற்றே உயர்ந்து, பச்சை மாறாமல் நிற்கும். புதைந்த கற்சுவரின்மேல் இதற்கு நேர்மாறாகப் பயிர் குறுகி முன்னதாகவே பழுத்துவிடும். ஆக, படத்தில் பதிவாவது அந்த வாரத்தில் மண்ணுக்கும் வேருக்கும் இடையே நடந்த நீர்க்கணக்கு. பயிர் வகை, மண் வகை, விதைத்த நாள், அவ்வாண்டின் மழை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் ஒரு காரணமாக மட்டுமே பழங்கால மனிதன் அங்கே இருக்கிறான். அவனை மற்றக் காரணங்களிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அடையாளம் காணும் பணி.

இந்தப் பணியை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி, துறையின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. முதல் உலகப் போரில் விமானப் பார்வையாளராக இருந்த ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, 1920இல் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அலுவலரானார். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் ‘அவென்யூ’ என்ற இணைகரைப் பாதையின் தொடக்கம் மட்டும் அப்போது தெரிந்திருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே விவாதப் பொருள். 1921ஆம் ஆண்டின் வறண்ட கோடையில் விமானப்படை எடுத்திருந்த படங்களை 1923இல் ஆராய்ந்த கிராஃபோர்டு, பாதை திரும்பி ஏவன் ஆற்றுப்பக்கம் செல்வதைக் காட்டும் இரண்டு மெல்லிய இணைகோடுகளைக் கண்டார். அந்தப் படங்கள் தொல்லியலுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. கண்டதை உடனே முடிவாக அறிவிக்காமல், அதே ஆண்டு செப்டம்பரில் ஏ. டி. பாஸ்மோருடன் வயலுக்குப் போய்க் கோடுகளின் குறுக்கே குழி வெட்டினார். படம் காட்டிய இடத்தில் தூர்ந்த அகழிகள் இருந்தன. படம் ஒரு கணிப்பைத் தந்தது, அந்தக் கணிப்பு பொய்யாகிவிடக்கூடிய ஒரு சோதனை நடந்தது, கணிப்பு பிழைத்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008இல், மைக் பார்க்கர் பியர்சன் குழுவினர் அதே அவென்யூவை ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே அகழ்ந்தபோது, இரு அகழிகளுக்கு நடுவே, பாதையின் திசையிலேயே, பனியுகத்தில் இயற்கையாக உண்டான பிளவுகளும் வரப்புகளும் ஓடுவதைக் கண்டனர். மனிதன் வெட்டிய கோடும் பனி கீறிய கோடும் ஒரே நிலத்தில் பக்கம்பக்கமாக, ஒரே திசையில்! எது எவருடையது என்பதைப் பிரித்தறிய வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

கிராஃபோர்டு தம் முறையை விளக்க ஓர் ஒப்புமையைக் கையாண்டார். கம்பளத்தின்மேல் நடக்கும் பூனைக்கு அதன் கோலம் தெரியாது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு முழுதும் தெரியும் என்பது அதன் சாரம். உயரம் ஏன் வேண்டும் என்பதை அது அழகாக விளக்குகிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கம்பளத்தை நெசவாளர் ஒரே காலத்தில் ஒரே திட்டத்தோடு நெய்கிறார். நிலத்தின் கோலம் அப்படிப்பட்டதன்று. பனியுகத்தில் மண் உறைந்து வெடித்த பலகோணப் பிளவுகள், வெண்கலக் காலப் புதைமேட்டைச் சுற்றிய அகழி, இடைக்கால உழவு வரப்பு, இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தேட அமைத்த தேடுவிளக்கு மேடை, வட்டமாகப் பரவும் காளான் வளையம் எல்லாம் ஒரே வயலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கலாம். மேலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சையில் ஒரு வட்டம் அல்லது ஒரு கோடு. ஒரு நூற்றாண்டுகூட நிரம்பாத தேடுவிளக்கு மேடையின் வட்ட அகழியும் நாலாயிரம் ஆண்டுப் புதைமேட்டின் வட்ட அகழியும் பயிருக்கு ஒன்றுதான். இரண்டிலும் அது ஈரத்தையே தேடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தனி வட்டங்கள் குழப்பலாம். ஆனால் தொல்பழங்காலச் சின்னங்களுள் சில, வேறெதனோடும் மயங்காத வடிவம் கொண்டவை அல்லவா? உள்ளே அகழியும் வெளியே கரையுமாக அமைந்த ஹெஞ்ச் வளாகங்கள், கிலோமீட்டர் கணக்கில் இரு இணை அகழிகளாக நீளும் கர்சஸ் அமைப்புகள், இடைவெளி விட்டுவிட்டு வெட்டிய அகழிகள் சூழ்ந்த புதிய கற்கால வளாகங்கள் ஆகியவற்றை வடிவத்தாலேயே சொல்லிவிடலாமே? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. இன்சாலே 1929இல் நார்ஃபோக் பகுதியின் ஆர்மிங்ஹாலில் இரட்டை வட்டங்களையும் அவற்றின் நடுவே குதிரைலாட வடிவில் எட்டுப் புள்ளிகளையும் படமெடுத்தார். 1935இல் கிரஹாம் கிளார்க் அகழ்ந்தபோது அவை மாபெரும் மரத்தூண்கள் நின்ற குழிகளே என்று உறுதியாயிற்று. ஆனால் அந்தப் புள்ளிகளைத் தூண்குழிகள் என்று ஊகிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உட்ஹெஞ்சில் தோண்டிச் சரிபார்த்த அனுபவம்தான் அதற்கு ஆதாரம். வடிவத்துக்குப் பொருள் தருவது முன்பு நடந்த அகழாய்வு. ஒரு வகையின் சில உறுப்பினர்களையாவது மண்ணில் தொட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை வடிவத்தால் அந்த வகையில் சேர்க்கும் உரிமை கிடைக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை வடிவம் இன்னும் பலவீனமான சாட்சி. ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடக்கே நீளும் பெருங்கர்சஸை 1723இல் முதலில் அடையாளம் கண்டவர் வில்லியம் ஸ்டக்லி. நீண்டு குறுகிய வடிவத்தைக் கண்டு அதைப் பந்தயத் திடல் என்றே கொண்டார். இன்றும் வழங்கும் கர்சஸ் என்ற பெயரே அந்த ஊகத்தின் எச்சம். அதன் அகழியின் அடியில் 2007இல் கிடைத்த மான்கொம்புக் கருவியைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, கி.மு. 3500ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. கண் வடிவத்தைச் சரியாகவே பார்த்தது. காலத்தையும் பயனையும் சொல்ல அதற்கு வழியில்லை. ஜெர்மனியின் கோசெக் இதன் மறுபக்கம். 1991இல் ஓட்டோ பிராஷ் விமானத்திலிருந்து அங்கே ஒரு வட்ட அகழியைக் கண்டார். 2002இல் தொடங்கிய அகழாய்வுதான் அது ஏறத்தாழ கி.மு. 4900ஐச் சேர்ந்தது என்பதையும், எழுபத்தைந்து மீட்டர் அளவிலான அந்த வளாகத்தின் தென்புற வாயில்கள் இரண்டும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளின் சூரிய உதயத்தையும் மறைவையும் நோக்கியவை என்பதையும் நிலைநாட்டியது. படம் இல்லையேல் அந்த வயலை எவரும் தோண்டியிருக்க மாட்டார்கள். தோண்டாதிருந்தால் அது தேதியற்ற ஒரு வட்டமாகவே நின்றிருக்கும்.

அப்படியானால், தோண்டாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தோண்டவோ ஆயிரத்தில் ஒன்றைத்தான் முடியும். பிறகு வான்வழி ஆய்வால் என்ன பயன் என்று இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரலாம். இதற்கான பதில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பாவர்ட்டி பாயின்ட்டில் இருக்கிறது. அங்கிருந்த பெரிய மண்மேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அறிஞர்களுக்குத் தெரியும். தொல்பொருள் சேகரிப்போரும் ஆய்வாளரும் பல தலைமுறைகளாக அந்த நிலத்தில் நடமாடினர். ஆனால் அவர்கள் காலடியிலேயே ஆறு மண்வரப்புகள் பொதுமையம் கொண்ட அரைவட்டங்களாக வளைந்திருந்ததை எவரும் உணரவில்லை. வெளிவரப்பின் இரு முனைகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. உழவில் தாழ்ந்த வரப்புகளைத் தரையில் நிற்பவர் இயற்கை மேடுபள்ளமாகவே எடுத்துக்கொண்டனர். 1938இல் வேறு தேவைக்காக எடுத்த விமானப் படங்களை 1950களில் ஜேம்ஸ் ஃபோர்டு பார்த்தபோதே முழு அமைப்பும் துலங்கியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, வேளாண்மை செய்யாத மக்களின் படைப்பு அது என்று அகழாய்வுகள் பின்னர் நிறுவின. இங்கே படம் தீர்ப்பு வழங்கவில்லை. எந்த அளவில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை மாற்றியது. ஒரு குழி தோண்டுபவருக்கு ஒரு வரப்பின் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டு எதன் துண்டு என்ற கேள்வியே படத்தால் பிறந்தது. சில இடங்களில் தோண்டி வகையை நிறுவிவிட்டால், அந்த வகையின் பரவலையும் அளவையும் நூற்றுக்கணக்கான இடங்களில் படத்தால் தொடர்ந்து செல்ல முடியும். தனி இடத்தைப் பற்றிய முடிவு ஊகமாகவே இருக்கலாம். வகையைப் பற்றிய முடிவுக்கு வலுவான அடிப்படை கிடைத்துவிடுகிறது.

ஆனால் பரவலைப் பேசத் தொடங்கியதும் மிகக் கடுமையான சிக்கல் ஒன்று எதிர்ப்படுகிறது. படத்தில் இல்லாததை எப்படிப் பொருள்கொள்வது? விமானம் வருவதற்கு முன், இங்கிலாந்தின் தொல்பழங்கால மக்கள் சுண்ணப்பாறை மேட்டுநிலங்களிலேயே அதிகம் வாழ்ந்தனர், பள்ளத்தாக்குகள் காடும் சேறுமாகக் கிடந்தன என்ற கருத்து வேரூன்றியிருந்தது. 1930களில் மேஜர் ஜார்ஜ் ஆலன் ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றித் தேம்ஸ் ஆற்றின் சரளைத் திட்டுகள்மேல் பறந்து எடுத்த படங்களும், பிற்காலத்தில் கேம்பிரிட்ஜின் ஜே. கே. எஸ். செயின்ட் ஜோசப் எடுத்தவையும் இந்தக் கருத்தைத் தகர்த்தன. ஆற்றோரங்கள் வட்டங்களாலும் கோடுகளாலும் நிறைந்திருந்தன. வரலாற்றுச் சின்னங்களுக்கான அரச ஆணையம் 1960இல் வெளியிட்ட அறிக்கை, இந்த ஆற்றுச் சரளை நிலங்களின் செழுமையையும், கட்டடங்களுக்காகச் சரளை தோண்டுவதால் அது அழிந்துவரும் வேகத்தையும் ஒருசேர எடுத்துரைத்தது. முந்தைய வரைபடம் மக்கள் வாழ்ந்த இடத்தைக் காட்டவில்லை. உழவுக்குத் தப்பிய இடத்தைத்தான் காட்டியது. இது பெரிய பாடம். ஆனால் புதிய வரைபடமும் அதே வகையில் ஒருபுறம் சாய்ந்தது. சரளையிலும் சுண்ணப்பாறையிலும் பயிர்த்தடம் எளிதில் எழும்; ஈரம் தேங்கும் களிமண்ணில் அரிதாகவே எழும். காடு பயிர்த்தடமே காட்டாது; மேய்ச்சல் நிலம் அரிதாகவே காட்டும். விமான நிலையங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்வெளியில் நினைத்தபடி பறக்க முடியாது. பறப்பவர்களும் முன்பு கிடைத்த இடத்துக்கே திரும்பத்திரும்பப் போவார்கள்.

இதனால் வான்வழி வரைபடங்களை நம்பவே கூடாது என்பார் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு சான்றில் சாய்வு இருப்பது அதைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. சாய்வின் திசை தெரியாதிருப்பதே ஆபத்து. வான்வழிச் சான்றின் சாய்வு மண்ணியல், மழை, பயிர், பறப்புப் பதிவு ஆகியவற்றால் அளந்தறியக்கூடியது. களிமண் வெற்றிடம் உண்மையான வெற்றிடமா என்பதையும் சோதிக்க முடிந்தது. 1990இல் இங்கிலாந்தின் திட்ட வழிகாட்டுதல்கள் கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வை வலியுறுத்திய பிறகு, சாலைகளுக்காகவும் குடியிருப்புகளுக்காகவும் களிமண் நிலங்களில் நடந்த அகழாய்வுகள், படத்தில் வெறுமையாயிருந்த இடங்களில் இரும்புக்கால ஊர்களை வெளிக்கொணர்ந்தன. கடும் வறட்சியும் அதே வேலையைச் செய்யும். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் சூழ்ந்த பாய்ன் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியக் களம். ஐரோப்பாவில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட தொல்பழங்கால நிலங்களில் ஒன்று. அங்கேயே 2018 ஜூலை வறட்சியில் ஆன்டனி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும் பறக்கவிட்ட ட்ரோன்கள், அதுவரை எவரும் அறியாத பெரிய ஹெஞ்ச் ஒன்றின் இரட்டை வளையத்தைக் காட்டின. பல பதிற்றாண்டுகளாகத் தேடிய இடத்திலேயே இப்படி என்றால், ஒரே முறை பறந்துவிட்டு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதும் துணிவு எவருக்கும் வரக்கூடாது.

லைடார் வந்த பிறகு இந்தக் கவலைகள் தீர்ந்துவிட்டன என்ற நம்பிக்கை இன்று பரவியிருக்கிறது. விமானத்திலிருந்து பாய்ச்சும் லேசர் துடிப்புகளில் சில, இலையிடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் காட்டை நீக்கிய நிலத்தின் உயர வரைபடம் கிடைக்கும். பயிரையும் வறட்சியையும் அது நம்பியிருப்பதில்லை என்பது மிகப் பெரிய ஆதாயம். ஆனால் லைடார் அளப்பது மேற்பரப்பின் உயரத்தை. முற்றாக உழுது மட்டமாக்கிய அகழியை அது பெரும்பாலும் காணாது, பயிர்த்தடம் காணும். இரண்டும் ஒன்றையொன்று நிரப்புவனவே அன்றி, ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிப்பனவல்ல. மேலும், எது தரை, எது புதர் என்று பிரிக்கும் கணினி வடிகட்டி தாழ்ந்த கரையைப் புதரென்று நீக்கிவிடக்கூடும். வெட்டி அடுக்கிய மரக்குவியலை மேடாக விட்டுவைக்கவும் கூடும். ஒரே திசையிலிருந்து ஒளி படுவதுபோல் வரைந்த படத்தில், அந்த ஒளிக்கு இணையாக ஓடும் கரை மறைந்துவிடும். கணினியைப் பழக்கி வடிவங்களைத் தானே கண்டுபிடிக்கச் செய்வதிலும் இதே வரம்பு உண்டு. தெரிந்த வடிவங்களைக் கொண்டு பழகிய கணினி, தெரிந்த வடிவங்களையே அதிகம் கண்டுபிடிக்கும். இன்சாலின் கரும்புள்ளிகள் போல, அன்றுவரை எந்த வகையிலும் அடங்காத ஒன்றை நின்று பார்த்து ‘இது என்ன’ என்று கேட்பது மனிதக் கண்ணின், வாதத்தின் வேலையாகவே இருக்கிறது.

இந்தக் கவனமெல்லாம் வெறும் முறையியல் நுணுக்கம் என்று எண்ணக்கூடாது. பயிர்த்தடம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அந்த நிலத்தில் ஏர் ஓடுகிறது என்று பொருள். சின்னத்தைக் காட்டித் தரும் உழவே அதை ஆண்டுதோறும் சுரண்டியும் எடுக்கிறது. 2018 வறட்சியில் மில்டன் கீன்ஸ் அருகே வெளிப்பட்ட இரண்டு கர்சஸ்களில் ஒன்று, இடைக்கால மண்கரை ஒன்றின் அடியில் காக்கப்பட்டிருந்தது. அந்தக் கரை உழவில் தேயத்தேய, அடியிலுள்ளதும் ஆபத்துக்கு உள்ளாகிறது. எதைக் காப்பது, எங்கே உழவின் ஆழத்தைக் குறைக்கக் கேட்பது, எந்த இடத்தை அழிவதற்கு முன் தோண்டுவது என்ற முடிவுகள் அனைத்தும் அடையாளம் சரியா என்பதையே சார்ந்திருக்கின்றன. தேடுவிளக்கு மேடையைப் புதைமேடு என்று காத்தால் சற்றுப் பணம் வீணாகும். வெற்றிடம் என்று எழுதிய இடத்தில் சாலை போட்டால் போனது போனதுதான். ஆகவே ஒவ்வொரு வான்வழிப் பதிவும் மூன்று செய்திகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும்: படத்தில் என்ன தெரிகிறது, அது எதனால் உண்டானது என்று ஆய்வாளர் கருதுகிறார், அந்தக் கருத்தை எந்தச் சோதனை தாங்கி நிற்கிறது. தெரியாத இடங்களைப் பொறுத்தவரை, எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எத்தனை முறை பார்த்தும் தெரியவில்லை என்பதும் பதிவில் ஏற வேண்டும். பழைய படங்களைத் தூக்கியெறியாமல் காக்க வேண்டும். கிராஃபோர்டும் ஃபோர்டும் பயன்படுத்தியவை வேறு தேவைக்கு எடுத்து, பெட்டியில் கிடந்த படங்களே. பெரிய அகழாய்வுக்கு வழியில்லாத இடத்திலும், ஒரு குறுக்குக் குழி வெட்டிப் பார்க்கும் 1923ஆம் ஆண்டின் ஒழுக்கம் நமக்கு இன்றும் எட்டாததன்று. எழுத்தில்லாத மக்கள் தம்மைப் பற்றி விட்டுச்சென்ற மிகப் பெரிய வாக்குமூலம் அவர்கள் வெட்டிய மண்தான். அதை வானிலிருந்து படிக்கும் வாய்ப்பு நம் காலத்துக்கு வாய்த்திருக்கிறது. படித்ததை மண்ணில் இறங்கிச் சரிபார்க்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வருகிறது.